லோரி முறுக்கும், வீடு முறுக்கலாமா?

மாணவர்களே, கோல சிலாங்கூர் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் பாசிர் பெனம்பாங் வரும். ஆற்றோரம் மீன்பிடிப் படகுகளும் கடலுணவுக் கடைகளும் இருக்கும். மீனையும் பனிக்கட்டியையும் ஏற்றிக்கொண்டு வெள்ளைப் பெட்டி லோரிகள் அங்கிருந்து தார்ச்சாலையில் கிளம்பும். சற்று உள்ளே தோட்டங்கள் பக்கம் திரும்பினால் வேறு வகை லோரிகளைப் பார்க்கலாம். செம்பனைக் குலைகளை மலைபோல் குவித்துக்கொண்டு செம்மண் சாலையில் ஆடி ஆடி வருபவை அவை. இந்த வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917இல், கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாராம் தோட்டத்தில்தான்.

அடுத்த முறை ஒரு செம்பனை லோரி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, பாதுகாப்பான தொலைவில் நின்று பின்னாலிருந்து கவனியுங்கள். ஓட்டுநர் அமரும் முன்கூண்டு இடப்பக்கம் சாயும். அதே நொடியில் பின்தொட்டி வலப்பக்கம் சாயும். லோரியின் நடுவில் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல் இருக்கும். “லோரி உடையப் போகிறதா?” என்று தோன்றும். உடையாது. அப்படி முறுக்கவேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் மாமா ஒரு பழைய நான்கு சக்கர இயக்க லோரியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கதவு, சன்னல் எல்லாம் உள்ள ஒரு சிறு வீட்டை, அதாவது கேம்பர் கூண்டை ஏற்றவேண்டும். விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. கூண்டை லோரியில் எப்படிப் பொருத்துவது?

“நாலு மூலையிலும் நல்ல பெரிய போல்ட் போட்டு இறுக்கு. பயமாக இருந்தால் இன்னும் நாலு போடு. மேலே வெல்டிங்கும் வைத்துவிடு” என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் செம்மண் சாலையில் ஓடும் லோரிக்கு அது தவறான விடை. ஏன் தவறு, சரியான விடை எது என்பதை இந்த வாரம் படிப்படியாகப் பார்ப்போம்.

சாசி ஏன் முறுக்குகிறது?

லோரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட எஃகுத் தண்டவாளங்கள் தெரியும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். படுக்க வைத்த ஏணி போன்ற இந்த அமைப்பைத்தான் சாசி என்கிறோம். அந்த நீண்ட சட்டங்களின் குறுக்குவெட்டைப் பாருங்கள். ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போல் மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கத்தில்தான் இரகசியம் இருக்கிறது.

சோதனை 1: சமையலறைக் காகிதச் சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் ஒன்றை எடுங்கள். இரு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். குழாய் அசையாது. இப்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஒரே ஒரு கோடு கத்தரியுங்கள். மறுபடி முறுக்குங்கள். துவண்டுபோகும். அட்டை அதே அட்டை, எடையும் அதே எடை. ஒரு வெட்டுத்தான் வேறுபாடு.

மூடிய குழாயில் முறுக்குவிசை குழாயைச் சுற்றித் தடையில்லாமல் ஓடும். ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய குழாயில் அந்த வட்டப் பாதை அறுந்துவிடுகிறது. வெட்டின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. மெல்லிய உருண்டைக் குழாய்க்குப் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆரத்தைச் சுவரின் தடிப்பால் வகுத்து, வர்க்கமாக்கி, 3ஆல் பெருக்கினால், மூடிய குழாய் வெட்டிய குழாயைப்போல் எத்தனை மடங்கு முறுக்கை எதிர்க்கும் என்பது வரும். ஆரம் 50 மில்லிமீட்டர், சுவர் 5 மில்லிமீட்டர் என்றால் வகுத்தால் 10. வர்க்கம் 100. விடை 300 மடங்கு!

அப்படியானால் லோரி செய்பவர்கள் ஏன் மூடிய குழாயையே பயன்படுத்தவில்லை? சக்கரங்களை நினைத்துப் பாருங்கள். மேடுபள்ளச் சாலையில் நான்கு சக்கரங்களும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வண்டி நகரும், பிரேக் பிடிக்கும். ஸ்பிரிங்குகள் மேலும் கீழும் போய் ஓரளவு ஈடுகட்டும். அதற்கும் மேல் பள்ளம் ஆழமானால் சாசி தானே சற்று முறுக்கிக்கொடுத்துச் சக்கரத்தைத் தரையில் வைக்கிறது. ஆகவே இத்தகைய லோரியில் சாசியும் ஒரு வகை ஸ்பிரிங்தான். அதன் துவளும் தன்மை குறை அன்று. அது அதன் வேலை.

கூண்டு ஏன் முறுக்க மறுக்கிறது?

சோதனை 2: காலணி வாங்கிய அட்டைப்பெட்டியை எடுங்கள். மூடி இல்லாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எளிதில் கோணும். இப்போது மூடியைப் போட்டு, ஓரம் முழுவதும் நாடாவால் ஒட்டி முறுக்குங்கள். பெட்டி கல்லாகிவிடும்.

செம்பனை லோரியின் தொட்டி மூடியில்லாத பெட்டி போன்றது. சாசியோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் கோணிக்கொள்ளும். கேம்பர் கூண்டோ தரை, நான்கு சுவர், கூரை எல்லாம் ஒட்டிய மூடிய பெட்டி. மீன் லோரியின் குளிர்காப்புப் பெட்டியும் அப்படித்தான். எண்ணெய் ஏற்றும் தாங்கி லோரியின் உருளையும் அப்படித்தான். அது நம் சோதனை 1இன் வெட்டாத குழாயேதான்.

ஆக, கீழே முறுக்கியே தீரும் ஒரு சட்டம், மேலே முறுக்கவே மறுக்கும் ஒரு பெட்டி. இரண்டையும் நான்கு மூலையில் இறுக்கிப் பூட்டினால் சண்டை வராமல் இருக்குமா?

சண்டையின் அளவைக் கணக்கிடுவோம்

மாமாவின் லோரியின் இடது முன்சக்கரம் 20 செ.மீ. உயரமுள்ள மேட்டில் ஏறுகிறது. இரு முன்சக்கரங்களுக்கும் இடைவெளி 165 செ.மீ. என்றால், முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஏறக்குறைய 7 டிகிரி சாய்கிறது. இதில் 4 டிகிரியை ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. மீதி 3 டிகிரியைச் சாசி முறுக்கிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சாசியின் இரண்டு சட்டங்களுக்கும் இடைவெளி 80 செ.மீ. 3 டிகிரியின் சைன் மதிப்பு 0.052. இரண்டையும் பெருக்கினால் 4.2 செ.மீ. வரும். அதாவது கூண்டின் பின்மூலைகள் இரண்டும் சாசியோடு ஒட்டியிருக்கும்போது, முன்னால் ஒரு சட்டம் மற்றதைவிட 4.2 செ.மீ. உயர்ந்து நிற்கும். ஏறத்தாழ இரண்டு விரல் அகலம்தானே என்று நினைக்கலாம். ஆனால் போல்ட் அந்த இரண்டு விரல் இடைவெளியை விட்டுக்கொடுக்காது. ஒன்று, போல்ட் கூண்டை இழுத்துக் கோணலாக்க வேண்டும். அல்லது கூண்டு சாசியை முறுக்கவிடாமல் தடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே போல்ட் மாட்டிக்கொள்ளும்.

முதலில் தோற்பது பலவீனமான இடம். பெட்டியில் அது கதவு, சன்னல் இவற்றின் மூலை. சுவரில் ஓட்டை போட்ட இடத்தில் விசை வளைந்து போகவேண்டியிருப்பதால் மூலையில் குவிகிறது. கதவு இறுகும், கண்ணாடி விரியும், கூரை ஓரத்தில் ஒட்டு விட்டு மழை ஒழுகும். மீன் பெட்டியாக இருந்தால் விரிசல் வழியே நீர் உள்ளிருக்கும் நுரைக்குள் புகும். நீர் புகுந்த நுரை குளிரைக் காக்காது, எடையும் கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அது சாசியில் இருக்கிறது.

ஒரு முறை அல்ல, மூன்று இலட்சம் முறை

சோதனை 3: ஒரு காகிதக் கவ்வியை, அதாவது பேப்பர் கிளிப்பை, ஒருமுறை வளையுங்கள். உடையாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் பட்டென முறியும். நீங்கள் கடைசி முறை கூடுதல் பலம் கொடுக்கவில்லை. முதல் முறை கொடுத்த அதே பலம்தான். இதை உலோகக் களைப்பு என்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரயில் அச்சுகள் திடீர் திடீரென முறிந்தபோது, செர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதை முறையாக ஆராய்ந்தார். ஒரே தடவையில் உடைக்க முடியாத சிறிய விசைகூட, பலமுறை திரும்பத் திரும்ப வந்தால் எஃகை உடைக்கும் என்று காட்டினார்.

தோட்டச் சாலைக்கு இதைப் பொருத்துவோம். சாலையின் நீளம் 5 கிலோமீட்டர். 10 மீட்டருக்கு ஒரு பள்ளம் என்றால் 500 பள்ளங்கள். போக வர 1,000. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 3,00,000 முறுக்கல்கள். ஒவ்வொரு முறுக்கலும் போல்ட் துளையின் ஓரத்திலோ வெல்டிங் முடியும் இடத்திலோ ஒரு கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும். சாசி துவளவேண்டிய நீளம் முழுவதையும் கூண்டு பிடித்துக்கொண்டால், கூண்டு தொடங்கும் இடத்தில், முன்கூண்டுக்குப் பின்னால் உள்ள சிறு துண்டு மட்டும் எல்லா முறுக்கையும் வாங்கும். சாசி விரிசல் விடுவதற்கு அதுவே வழி. உள்ளே ஒரு குடும்பம் உறங்கிக்கொண்டோ பயணம் செய்துகொண்டோ இருக்கும் வண்டி அது என்பதை மறக்கவேண்டாம்.

“இன்னும் நாலு போல்ட்” என்ற யோசனை ஏன் தவறு என்று இப்போது புரிகிறதா? பலம் வேறு, விறைப்பு வேறு. விறைப்பைக் கூட்டினால் சில இடங்களில் பலம் குறைந்துவிடும்.

முக்காலி சொல்லும் பாடம்

நம் வீட்டிலேயே விடை இருக்கிறது. பொங்கலன்று மூன்று கல்லை வைத்து அதன் மேல் பானையை ஏற்றுகிறோம். நான்கு கல் வைத்தால் என்ன? தரை சமமில்லை என்றால் ஒரு கல் தொடாது; பானை ஆடும். நாற்காலிக்கு ஒரு கால் குட்டையானால் அடியில் அட்டை மடித்து வைக்கிறோம். முக்காலிக்கு அந்தத் தேவையே வராது. மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் அவை மூன்றையும் தொடும் ஒரு சமதளம் கட்டாயம் உண்டு. நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சோதனை 4: மூடி ஒட்டிய உங்கள் காலணிப் பெட்டியைவிட நீளமான, வளையக்கூடிய அட்டைப் பட்டை ஒன்றை வெட்டுங்கள். அதுதான் சாசி. பெட்டியை அதன் மேல் வைத்து நான்கு மூலையிலும் நாடாவால் ஒட்டிப் பட்டையை முறுக்குங்கள். பட்டை முறுக்காது, அல்லது நாடா பிய்யும். இப்போது முன்மூலை நாடா இரண்டையும் எடுத்துவிடுங்கள். பெட்டியின் முன்பக்க நடுவில் மட்டும் பட்டைக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு பென்சிலைப் பட்டையின் நீளவாக்கில் வைத்து ஒட்டுங்கள். மறுபடி முறுக்குங்கள். பட்டை பென்சிலைச் சுற்றி இடமும் வலமும் சாய்கிறது. பெட்டிக்கோ ஒன்றும் தெரியவில்லை!

லோரிக்கும் கூண்டுக்கும் நடுவே இந்த வேலையைச் செய்யும் இரும்புச் சட்டத்துக்குத் துணைச்சட்டம் என்று பெயர். தலையில் சுமை வைப்பவர் இடையில் சும்மாடு வைத்துக்கொள்வது போல, சாசிக்கும் கூண்டுக்கும் இடையில் இது ஒரு சும்மாடு. சாசியின் முறுக்கைக் கூண்டுக்குப் போகவிடாமல் தடுக்கும் துணைச்சட்டத்தை முறுக்கற்ற துணைச்சட்டம் என்கிறோம். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். முறுக்கு எங்கும் போய்விடவில்லை. சாசி முன்போலவே முறுக்குகிறது. கூண்டுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டுவதில்லை.

எத்தனை வகை?

முதல் வகை, நேரடிப் பிடிப்பு. சாசியின் மேல் கெட்டியான மரக்கட்டையோ தடித்த இரப்பர் பட்டையோ விரித்து, அதன் மேல் உடலை வைத்து, யு-போல்ட்டுகளால் கட்டுவது. பலகை லோரிகளுக்கும் தார்ச்சாலையிலேயே ஓடும் லோரிகளுக்கும் இது போதும். மலிவு, எடை குறைவு, உயரமும் ஏறாது. ஆனால் முறுக்கைப் பெரிதாகத் தடுக்காது.

இரண்டாவது வகை, ஸ்பிரிங் பிடிப்பு. துணைச்சட்டம் சாசியின் இரு சட்டங்கள் மேலும் முழுநீளத்துக்குப் படுத்திருக்கும். பின்பக்கம், பின்சக்கர அச்சு இருக்கும் பகுதியில், தகடுகளால் உறுதியாகப் பூட்டப்படும். முன்பக்கம் நீண்ட போல்ட்டுகளில் சுருள் ஸ்பிரிங்குகளைக் கோத்து அழுத்தி வைப்பார்கள். சாசி முறுக்கும்போது ஒரு பக்கச் சட்டம் கீழே இறங்கும். ஸ்பிரிங் சுருங்கி இடம் கொடுக்கும். துணைச்சட்டம் அந்தப் பக்கம் மட்டும் சாசியைவிட்டு விலகி நிற்கும். பள்ளம் தாண்டியதும் மறுபடி படுத்துக்கொள்ளும். சமமான சாலையில் எடை சாசி முழுவதும் பரவியிருப்பது இதன் பெரிய நன்மை.

மூன்றாவது வகை, மூன்று புள்ளிப் பிடிப்பு. நம் முக்காலிதான். ஒரு முனையில் இரண்டு புள்ளிகள், மறுமுனையில் நடுவே ஒரே சுழல் மூட்டு. முறுக்குத் தடுப்பில் இது மிகச் சிறப்பு. ஆனால் விலையும் உண்டு. 2 டன் கூண்டின் ஈர்ப்பு மையம் சரியாக நடுவில் இருந்தால், முன்னால் உள்ள ஒற்றை மூட்டு மட்டுமே 1 டன்னைத் தாங்கவேண்டும். பின்னால் உள்ள இரண்டும் ஆளுக்கு அரை டன். வண்டி திரும்பும்போது கூண்டு பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பதும் அந்த இரண்டு புள்ளிகள் மட்டுமே. சாசியின் மேல் படுத்துக்கொள்ள முடியாததால் துணைச்சட்டமே விறைப்பாக இருக்கவேண்டும். அதனால் அதை மூடிய சதுரக் குழாயால் செய்வார்கள். காரணம் உங்களுக்குச் சோதனை 1இலேயே தெரியும்.

நான்காவது வகை, வைரவடிவ நான்கு புள்ளிப் பிடிப்பு. சீட்டுக்கட்டின் டைமன் வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன் நடுவில் ஒன்று, பின் நடுவில் ஒன்று, இடப்பக்க நடுவில் ஒன்று, வலப்பக்க நடுவில் ஒன்று. நான்கும் சுழல் மூட்டுகள். முன்மூட்டைச் சுற்றிச் சாசி ஒரு திசையில் சாயும், பின்மூட்டைச் சுற்றி எதிர்த்திசையில் சாயும். நடுவில் சாய்வு இரண்டுக்கும் சராசரி. கூண்டு அந்தச் சராசரியில் அமைதியாக இருக்கும். எடை நான்கு இடத்தில் பிரியும். ஆனால் துணைச்சட்டம் கனமாகும், உயரமாகும், செலவும் கூடும்.

நான்கு புள்ளி என்றாலே தவறு என்று சொன்னோமே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. நான்கு மூலையில் நான்கு புள்ளி வைத்தால்தான் சண்டை. நான்கு பக்கத்தின் நடுவில் சுழலும் மூட்டாக வைத்தால் சண்டை இல்லை. எண்ணிக்கை மட்டும் பாராமல், எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் அசைய விடுகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

இந்தச் சிந்தனைக்குப் பேர்போன வண்டி செர்மனியின் யுனிமோக். இரண்டாம் உலகப் போருக்குப் பின், வயலில் உழவும் சாலையில் ஓடவும் ஒரே வண்டி வேண்டும் என்று பொறியாளர் ஆல்பர்ட் ஃபிரெட்ரிக் குழுவினர் அதை உருவாக்கினர். முதல் மாதிரி 1946இல் ஓடியது. உற்பத்தி 1948இல் தொடங்கியது. துவளும் சாசியை வேண்டுமென்றே வைத்துக்கொண்ட வண்டி என்பதால், அதன் மேல் விறைப்பான பெட்டியை ஏற்றுபவர்கள் மூன்று புள்ளி அல்லது நான்கு புள்ளிப் பிடிப்பையே நாடுகிறார்கள். பாலைவனமும் மலையும் சுற்றும் கேம்பர் வண்டிகள் பலவற்றின் அடியில் இதைக் காணலாம்.

மாமாவுக்கு எது?

“அப்படியானால் நான்காவது வகைதான் சிறந்தது, அதையே வாங்குவோம்” என்று அவசரப்படாதீர்கள். மூன்று கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: வண்டி எங்கே ஓடும்? பெரும்பாலும் தார்ச்சாலை, சில நாள் சபாக் பெர்ணம் வரை தோட்டங்களின் செம்மண் சாலை. பாறை ஏறப்போவதில்லை. முறுக்கு 3 டிகிரி அளவில் இருக்கும். இவ்வளவுக்கு நேரடிப் பிடிப்பு போதாது. ஆனால் பாலைவன வண்டியின் ஏற்பாடும் வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: உயரம் ஏறினால் என்ன ஆகும்? சக்கர இடைவெளி 180 செ.மீ. உள்ள வேறொரு லோரியை எடுத்துக்கொள்வோம். கூண்டோடு சேர்த்து மொத்த எடை 5 டன். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில். அரை இடைவெளி 90ஐ 140ஆல் வகுத்தால் 0.64. அந்த டேன் மதிப்புக்குரிய கோணம் ஏறக்குறைய 33 டிகிரி. அதற்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்தால் கவிழும். இப்போது 2 டன் கூண்டை 20 செ.மீ. உயர்த்துங்கள். மொத்த ஈர்ப்பு மையம் 5இல் 2 பங்கு, அதாவது 8 செ.மீ. ஏறும். 90ஐ 148ஆல் வகுத்தால் 0.61; கோணம் 31 டிகிரி ஆகிறது. ஸ்பிரிங், டயர் சாய்வையெல்லாம் சேர்த்தால் உண்மையில் இன்னும் குறையும். சக்கர இடைவெளி குறைவான மாமாவின் லோரியில் இது இன்னும் முக்கியம். அதன் கோணத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: ஸ்பிரிங் பிடிப்பு கூண்டுக்கு எவ்வளவு விசையைக் கடத்தும்? ஹூக் விதிப்படி விசை என்பது ஸ்பிரிங்கின் மாறிலியைச் சுருங்கிய அளவால் பெருக்கினால் வருவது. ஒரு ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வீதம் எதிர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், 4.2 செ.மீ., அதாவது 42 மில்லிமீட்டருக்கு 1,260 நியூட்டன் கூடுகிறது. இரண்டு பெரியவர்கள் ஏறி நின்ற பாரம். நல்ல கூண்டு இதைத் தாங்கும்.

ஆகவே இந்தக் கணக்கில் மாமாவுக்கு ஏற்றது இரண்டாவது வகை. அவர் மலைக்காட்டுப் பாதைகளில் சுற்றுபவராகவோ, சாசி மிக அதிகம் துவளும் வண்டி வைத்திருப்பவராகவோ இருந்தால் விடை மூன்றாவதோ நான்காவதோ ஆகும். பாசிர் பெனம்பாங்கிலிருந்து தார்ச்சாலையில் மட்டும் போய்வரும் பெட்டி லோரிக்கு முதல் வகையே பொருத்தம். துணைச்சட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது சாலையைப் பார்த்து.

பட்டறைக்குப் போகும் முன்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில விதிகள் பொது. சாசிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளை போடக்கூடாது. சட்டம் வளையும்போது விசை மிகுதியாக இருப்பது அங்கேதான். துளை வேண்டுமானால் செங்குத்துச் சுவரில், வண்டி தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தில் மட்டும். சாசியில் வெல்டிங் வைப்பதையும் தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தாலொழியச் செய்யக்கூடாது. பற்றவைப்பின் சூடு எஃகின் தன்மையையே மாற்றிவிடும்.

முன்கூண்டுக்கும் வீட்டுக்கூண்டுக்கும் இடையே போதிய இடைவெளி விடவேண்டும். 3 டிகிரி முறுக்கில், மூட்டிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் 10 செ.மீ.க்கு மேல் நகரும். இரண்டுக்கும் நடுவே வழி வைத்தால் துருத்தி போன்ற இரப்பர் இணைப்பு வேண்டும். மின்கம்பிக்கும் குழாய்க்கும் தளர்வு விடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலேசியாவில் வாகன உடலமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. தகுதியுள்ள பொறியாளரின் கணக்கு இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. நாம் இங்கே போட்டது புரிந்துகொள்வதற்கான கணக்கு. பட்டறைக்கான வரைபடம் அன்று.

சிந்திக்க

1. சாசிச் சட்ட இடைவெளி 80 செ.மீ., முறுக்கு 5 டிகிரி. சைன் மதிப்பு 0.087. முன்னால் இரு சட்டங்களுக்கும் உயர வேறுபாடு எவ்வளவு? மேலே சொன்ன ஸ்பிரிங்கில் கூடும் விசை எவ்வளவு?

2. மூன்று புள்ளிப் பிடிப்பில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைச் சுழல் மூட்டுக்கு நேர் மேலே வைப்பதற்கும், கூண்டின் நடுவில் வைப்பதற்கும் மூட்டின் பாரத்தில் என்ன வேறுபாடு?

3. உங்கள் ஊருக்கு வரும் நடமாடும் நூலக வண்டியோ பெட்டி லோரியோ எந்த வகைப் பிடிப்பில் இருக்கும் என்று ஊகியுங்கள். ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு, வண்டி நின்றிருக்கும்போது, பக்கத்தில் நின்றபடியே குனிந்து பாருங்கள். யு-போல்ட், ஸ்பிரிங், தகடு, இவற்றில் எது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு விடை: ஏறத்தாழ 7 செ.மீ.; 2,100 நியூட்டன் அளவில். அதாவது பள்ளம் ஆழமாக ஆக, ஸ்பிரிங் பிடிப்பும் தன் எல்லையை நெருங்குகிறது. மூன்று புள்ளிப் பிடிப்பின் தேவை தொடங்கும் இடம் எது என்று இப்போது நீங்களே சொல்லலாம்.

அடுத்த முறை செம்மண் சாலையில் ஒரு லோரி முன்னுக்கும் பின்னுக்கும் எதிரெதிராகச் சாய்ந்து வருவதைக் கண்டால், பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கையிடம் சொல்லுங்கள்: “அது உடையவில்லை. வளைந்து கொடுக்கிறது. அதனால்தான் உடையாமல் வருகிறது.”